அரக்கு வாசனை

விழுப்புரம் தபால் நிலையத்தில் என் பார்சலுக்கு அரக்கு உருக்குகிறார்கள். வாசனை பட்டதும் கழுத்து வேர்க்கிறது.

என் சின்ன வயதில் திண்டிவனத்தில் அப்பா போதகர். பேராயர் அலுவலகத்திலிருந்து அரக்கு முத்திரையோடு கடிதம் வந்தால் மாற்றல். பதினைந்தே நாளில் வீடு காலி. அந்த வருடம் எங்களுக்கு மாற்றல் வரும் என்று பேச்சு. "இந்த வயித்த வெச்சிக்கினு எங்க போறதுங்க?" என்று நிறைமாத அம்மா அப்பாவிடம் அழுதாள். தபால்காரர் என்னிடம் தந்த அரக்குக் கடிதத்தை நான் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒளித்தேன்.

ஞாயிறன்று எனக்குத் திடப்படுத்தல்; சபையில் முழு உறுப்பினராக்கப் பேராயரே வந்திருந்தார். மண்டியிட்ட என் தலைமேல் பேராயரின் கை கனத்தது. என் கையில் அதே புத்தகம்.

ஆராதனை முடிந்து வாசலில் பேராயர் அப்பாவிடம் கேட்டார்: "லெட்டர் வந்துச்சா பாஸ்டர்?"

"இன்னும் வரலீங்க ஐயா."

அப்பாவைப் பொய் சொல்ல வைத்துவிட்டேன். புத்தகத்திலிருந்து கடிதத்தை எடுத்துப் பேராயரிடம் நீட்டினேன். உடையாத முத்திரையைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கடிதத்தைத் தன் அங்கிக்குள் போட்டுக்கொண்டார்.

"தபால்ல காணாம போச்சு போல. வேற டைப் அடிக்க மூணு மாசமாவும்."

இந்தப் பார்சல், திண்டிவனத்திலேயே பிறந்த என் தம்பிக்கு.