பந்தியில் பதினொரு பேர்

டெல்லியில், மெட்ரோ ஸ்டேஷனுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். கையில் ஈரம் காயாத ஆயில் பெயின்டிங். பைகளைச் சோதிக்கும் மெஷினுக்குள் அதைப் போடச் சொல்லியிருந்தார் காவலர்.

"பையா, கீலா ஹை!" ஈரமாக இருக்கிறது என்றேன்.

"தோ சுகாகே லாவோ."

காயவைத்துக் கொண்டுவர வேண்டுமாம். ஆயில் பெயின்ட் காய ஒரு வாரம் ஆகுமே... அதுவரை வாசலிலேயே நிற்பதா?

கோல் மார்க்கெட்டிலிருந்து கரோல் பாக் வரை நடராஜா சர்வீஸ்தான். வாட்ச்மேன் வேலை அப்போதுதான் போயிருந்தது. கரோல் பாக்கில் செல்வி என்பவர் பழைய ஓவியங்களை ஹோட்டல்களுக்காக நகல் எடுக்கும் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். ஞாயிறுதோறும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இந்தப் படம் தேறினால் வேலை என்று சொல்லியிருந்தார். பழைய ஐரோப்பியக் கல்யாண விருந்து ஓவியத்தின் நகல். மேசையைச் சுற்றிப் பதினொரு பேர்.

செல்வி டெல்லியிலேயே பிறந்தவர், என்னைவிட இளையவர். படத்தைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்த்தார்.

"மூஞ்சியெல்லாம் அச்சாதான் இருக்குண்ணா. ஆனா இது கல்யாணம் இல்ல, மெட்ரோ கோச். பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்காங்க, யாரும் யாரோடயும் இல்ல."

"ஒவ்வொருத்தரையா பாத்துப் பாத்துப் போட்டேனே!"

"அதான் தப்பு. பந்தியில ஒருத்தருக்குப் பாயசம் வரைக்கும் போட்டு முடிச்சிட்டா அடுத்த இலைக்குப் போவாங்க? முதல்ல எல்லாருக்கும் நிழல். அப்புறம் எல்லாருக்கும் நிறம். முகம் கடைசி."

டர்பன்டைனில் நனைத்த துணியை நீட்டினார். துடைத்தேன். மணமகள் உட்பட அத்தனை பேரும் போனார்கள். வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

பழுப்பு நிறம் மட்டும் தொட்டு, மறுபடி ஆரம்பித்தேன். மூலப் படத்தை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். இடப்பக்க ஜன்னலிலிருந்து ஒரே வெளிச்சம். மணமகளின் நிழல் மாமனாரின் தோளில். அவருடைய நிழல், பக்கத்தில் இருப்பவன் நீட்டும் கையில். நிழலைக் கொண்டே அத்தனை பேரையும் சொந்தக்காரர்களாக்கிவிட்டார் அதை வரைந்த மனிதர்... என்ன ஓர் ஆள்! நல்ல முகங்களை வரிசையாக உட்காரவைத்தால் குடும்பம் ஆகிவிடுமா என்ன?

சாயங்காலம் செல்வி எட்டிப் பார்த்தார். முகமே இல்லாத பதினொரு பேர்.

"இப்பதான் சேந்து சாப்பிடுறாங்க. நிழல் விழுற இடம் எப்படிண்ணா இவ்ளோ கரெக்ட்டா தெரியுது?"

"கட்டட வேலை, வாட்ச்மேன் வேலை... மே மாசம் பூரா அதைத் தேடித்தானே நகந்து நகந்து நின்னேன்!"

சிரித்துவிட்டு, "நாளைக்கு வாங்க" என்றார்.

மறுநாள் காலை சேர்ந்துவிட்டேன். எல்லாப் படங்களுக்கும் நிழல் போடுவது என் பொறுப்பு. முகம் போட வேறு ஆள் இருக்கிறார்.

நிழலில் உட்கார்ந்து செய்யும் வேலை — எனக்கு இதுதான் முதல் தடவை!