தோளில் ஒட்டிய பிளாஸ்திரி

தாடையில் அறுவை சிகிச்சை முடிந்ததும், வலி தெரியாமலிருக்கத் தோளில் மருந்துப் பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினார்கள். "அதுல சூடு படக்கூடாது" என்றார் நர்ஸ். வேதியியல் படிக்கிற எனக்கோ அவசரம். சூடு பட்டால் மருந்து சீக்கிரம் இறங்குமே! அம்மா ஒத்தடத்துக்கு வறுத்துக் கட்டிய உப்பு மூட்டையை, அவள் அந்தப்பக்கம் போனதும் தோளில் வைத்துக்கொண்டேன்.

வலி கரைந்தது. சன்னலுக்கு வெளியே கரிசல் காடு கடலாக அசைந்தது. நான் அதில் மிதந்தேன். மூச்சு விடக்கூடச் சோம்பலாக இருந்தது.

திரும்பி வந்த அம்மா, தோளில் மூட்டையையும் என் மூச்சு மந்தமாவதையும் பார்த்துப் பதறிப்போய்ப் பிளாஸ்திரியை உரித்தாள். ஆட்டோவில் கோவில்பட்டி ஆஸ்பத்திரி வரைக்கும் என்னை உலுக்கிக்கொண்டே வந்தாள்.

"ஏட்டி கெமிஸ்ட்ரிக்காரி, தூங்காத! சூடு பட்டா என்ன ஆகும், சொல்லுட்டி!"

"மருந்து... சீக்கிரம் இறங்கும்... அளவுக்கு மிஞ்சி..."

பேசப் பேசத் தாடைத் தையல் சுள்ளென்று வலித்து, கண்ணை மூடவிடாமல் செய்தது. எந்த வலியை விரட்டத் துடித்தேனோ, அதைப் பிடித்துக்கொண்டுதான் அன்றைக்குக் கரையேறினேன்.