மால்டாவில் நாங்கள் இறைத்த நீர்

நான் இப்போது வாழும் நகரின் எல்லர்ஸ்லிப் பகுதியில் நிகழ்ந்த எங்கள் வாசகர் வட்டத்தின் சென்ற கூட்டத்தில், கணினித் துறையில் பணியாற்றும் இளைஞர் ஒருவர் ஐரோப்பாவின் சிறு நாடுகள் எவ்வாறு பிழைக்கின்றன என்பது குறித்து உரையாற்றினார். மால்டாவுக்கு வந்ததும், "அங்க ஒரு ஆறு கூடக் கிடையாதுங்க. ஆனா தண்ணிக்குக் கவலையே இல்ல, கடல் தண்ணியையே குடிதண்ணி ஆக்கிடுறாங்க. செம பிளானிங்!" என்றார். நான் சிறுமியாய் அந்நாட்டில் வாழ்ந்தவள் என்று எவரோ சொல்ல, "அப்பவும் இப்படித்தானா மேடம்?" என்று கேட்டார். "இல்லைத் தம்பி" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். அன்று விழுங்கிய விடையை எழுதிவைப்பது என் கடன் என்று கருதுகிறேன்; ஏனெனில் அதனை அறிந்தவர் என்னையன்றி இப்போது எங்கள் குடும்பத்தில் எவருமிலர்.

திருகோணமலைக் கடற்படைத் துறையில் கொதிகலன் பொருத்துநராயிருந்த என் தந்தையார், ஆங்கிலேயர் அத்துறையை விட்டு நீங்கியபோது, மேலதிகாரி ஒருவரின் பரிந்துரையால் எங்களையும் அழைத்துக்கொண்டு மால்டாவின் கப்பல் செப்பனிடும் துறைக்குச் சென்றார். எனக்கு அப்போது எட்டு அகவை. வெயிலில் காயும் சுண்ணாம்புக் கல்லின் மணமும், கப்பலின் அடிவயிற்றில் பூசும் தாரின் மணமும் கலந்து வீசிய அந்தத் தெருவில், நிலக்கரியோ இரும்போ காடோ ஆறோ இல்லாத ஒரு நாடு எதனால் உயிர் வாழ்கிறது என்பதைக் குழந்தைகளும் அறிந்திருந்தனர். கோதுமையும் கப்பலில் வந்தது, கூலியும் கப்பலால் வந்தது. காலையில் துறையின் சங்கு ஊதினால் தெருவிலிருந்த ஆடவர் அனைவரும் ஒருவர்பின் ஒருவராய்ப் படிக்கட்டுகளில் இறங்கிச் சென்றனர். துறையில் கப்பல் குறைந்த கிழமைகளில் ரொட்டி வண்டிக்காரன் கூவுவதையே நிறுத்திவிட்டு, கதவுகளைப் பாராமல் விரைந்து கடந்தான்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் முற்றம் ஒன்றே. அதன் நடுவில், பாறையைக் குடைந்து ஆக்கிய ஆழமான குழி ஒன்றிருந்தது. தட்டையான கல்மாடிகளில் விழும் மழைநீர் குழாய் வழியே அதற்குள் இறங்கும். மழைக்காலத்தில் நிறைவதைக் கொண்டு கோடையைக் கழிக்க வேண்டும். தெருக்குழாய் நீர் குடிக்க இயலாதபடி உவர்த்தது. அதுவும் கோடையில் நாளுக்குச் சிறிது நேரமே வந்தது. ஆனால் குழியின் வாயில் கல் விளிம்பும், கப்பியும், கயிறும், வாளியும் இருந்தமையால் என் அன்னையின் கண்ணுக்கு அது கிணறாகவே தோன்றிற்று. தண்ணீர் தாராளமாய் இறைக்கும் ஊரிலிருந்து வந்தவர் அவர். நாள்தோறும் எங்கள் தலையில் வாளி வாளியாய் ஊற்றினார். வெள்ளிக்கிழமைகளில் எண்ணெய் முழுக்கு. விடியலில் வாசலுக்குத் தெளிப்பு. அயலார் சனிக்கிழமை மட்டும் குளிப்பதைக் கண்டு, "வெள்ளைக்காரரைப் போல இதுகளும் பவுடர் பூசித் தப்புற சனம்" என்று சிரிப்பார்.

அடுத்த வீட்டுக் கார்மெனா, கப்பலுக்கு வண்ணம் பூசும் ஜார்ஜின் மனைவி. சால்வு என்னும் கைக்குழந்தையுடன் ஒருநாள் வந்து, தமக்குத் தெரிந்த சிறிதளவு ஆங்கிலத்தில், ஐப்பசிவரை வானத்திலிருந்து ஒரு துளியும் விழாது, சிக்கனமாய் இறைக்க வேண்டும் என்று என்னிடம் சொன்னார். பள்ளியில் ஆங்கிலம் கற்ற நானே இருவருக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளர்.

"இறைக்கிற கிணறுதான் ஊறும் எண்டு சொல்லு பிள்ளை," என்றார் அம்மா. "பூட்டி வைச்சால் நாறிப் போகும் எண்டும் சொல்லு."

சொன்னேன். கார்மெனா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு சிரித்தார். "உங்கள் ஊரில் கடவுள் நிலத்துக்கு அடியில் இருக்கிறார் போலும். இங்கே மேலே மட்டுந்தான் இருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்."

அதையும் சொன்னேன். "நல்லாத்தான் கதைக்கிறாள்," என்று அம்மாவும் சிரித்தார். கயிற்றை மட்டும் விடவில்லை.

அக்கோடையில் துறையில் ஆட்குறைப்பு நிகழ்ந்தது. கொதிகலன் கைவினை அறிந்தோர் சிலரே ஆதலால் அப்பாவை வைத்துக்கொண்டனர். வண்ணம் பூசுவோரை வீட்டுக்கு அனுப்பினர். சங்கு ஊதியபின்னும் ஜார்ஜ் வாயிற்படியில் அமர்ந்திருந்ததை முதன்முதலாக அப்போது கண்டேன். ஆடி மாதத்து முற்பகல் ஒன்றில் அம்மா இறக்கிய வாளி பாறையில் உரசிற்று. மீண்டும் இறக்கினார், மீண்டும் உரசிற்று. இரவு ஊறிவிடும் என்று மூடிவைத்தார். மறுநாள் காலை அவர் விளிம்பில் குனிந்து நெடுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்ததை நான் மறந்திலேன்.

நீர் விற்கும் வண்டி வந்தது. அப்பா வாங்கினார், ஜார்ஜால் இயலவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய குடத்தை முதல் இருநாள் பெற்றுக்கொண்ட கார்மெனா, பின்னர் கதவைத் திறக்கவில்லை. ஜார்ஜ் கயிற்றைப் பற்றிக் குழிக்குள் இறங்கி, அடியில் தேங்கிய கலங்கலைத் தகரக் குவளையால் வழித்து மேலே அனுப்பினார். அதனைத் துணியில் வடித்துக் காய்ச்சினர். காய்ச்ச மண்ணெண்ணெய் இல்லாத நாள்களும் இருந்திருக்கலாம். பத்து நாள்களில் சால்வுவுக்கு வயிற்றோட்டம் கண்டது. நான்காம் நாள் வெண்ணிறச் சிறு சவப்பெட்டியொன்றை ஜார்ஜ் தாமே தோளில் தாங்கிப் படிக்கட்டில் ஏறிச் சென்றார். மருத்துவர் கோடை நோய் என்று மட்டுமே சொன்னார். அவ்வாண்டு அத்தெருவில் வேறு குழந்தைகளும் நோயுற்றிருந்தன.

எங்களை எவரும் குறை கூறவில்லை. அப்பா மட்டும், உணவுத் தட்டை ஒதுக்கிவிட்டு, "அவன்ர வேலையும் போச்சு. நாங்கள் அவன்ர தண்ணியையும் குடிச்சிட்டம்," என்றார். ஐப்பசியில் முதல் மழை பெய்த இரவில், மாடியைக் கழுவிவிடக் கார்மெனாவோடு துடைப்பமெடுத்துச் சென்றவர் அம்மாவே; நனைந்தபடி இருவரும் கூட்டினர். மொழிபெயர்க்க என்னை அழைக்கவில்லை. அடுத்த ஆண்டில் ஜார்ஜும் கார்மெனாவும், வேலையிழந்த பலரைப் போலவே, ஆஸ்திரேலியக் கப்பலேறினர்.

அம்மா தம் இறுதி ஆண்டுகளைப் இந்நகரின் பக்குரங்காவில் என் வீட்டில் கழித்தார். குளியலறையில் ஒரு சிறு வாளி நீருக்கு மேல் அவர் கொண்டதில்லை. "ஷவர் இருக்குதே அம்மம்மா, சுடுதண்ணியும் வருது," என்று என் மருமகள் சொல்லும்போதெல்லாம், "எனக்கு இது காணும்," என்பார். காரணத்தை அவர் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

இன்று அத்தெருவின் படங்களை இணையத்தில் காண்கிறேன். சங்கு இல்லை, போர்க்கப்பல்கள் நின்ற இடத்தில் செல்வர்களின் வெண்படகுகள் நிற்கின்றன, வீடுகள் சுற்றுலாவினர் தங்கும் விடுதிகளாகிவிட்டன. எங்கள் முற்றம் போன்ற ஒன்றில் குழியின்மேல் கண்ணாடி பதித்து, கீழே விளக்கேற்றி, மேலே உணவு மேசை இட்டிருக்கிறார்கள். அது எங்கள் முற்றந்தானா என்பதை என்னால் துணிய இயலவில்லை.

எட்டு அகவையில் கண்டதை இத்தனை ஆண்டுகள் கழித்து எழுதுகிறேன், பிழைகள் இருக்கும். துறையின் நடைமுறை குறித்தும், அந்நாட்டு நீர் வழங்கல் குறித்தும் நான் தவறியிருப்பின் அறிந்தோர் திருத்துக. அனைத்தினும் மேலாக, அக்கோடையில் அத்தெருக் குழந்தைகளைப் பீடித்த நோய் நீரால் வந்ததன்று, வேறு ஏதோவொன்றால் வந்தது என்று அறிந்தவர் எவரேனும் இருப்பின், தயைகூர்ந்து எனக்கு எழுதுக. அம்மா இல்லை, ஆயினும் அந்த ஒரு பிழையைத் திருத்திக்கொள்ளவே நான் பெரிதும் விழைகிறேன்.