சுடாதவர்களின் சங்கம்

எங்கள் பக்கத்து முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தீபாவளிக்கு மத்தாப்பைக்கூடக் கையை நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொளுத்துகிறவள் நான். இந்தப் பதவி எனக்கு எப்படி வந்தது என்று புதிதாகப் பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். குரங்கால் வந்தது.

பசறையிலிருந்து வருகிற பஸ் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கிற கடைசி லயத்தோடு திரும்பிவிடும். அதற்குக் கீழே தேயிலை முடிந்து சிங்களக் கிராமம் தொடங்குகிறது. நான் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். மதியம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, கிராமத்தில் குத்தகைக்கு எடுத்த கால் ஏக்கரில் போஞ்சி போட்டிருந்தேன். முதல் போகத்தைக் குரங்குகள் அழித்தன. இரண்டாவதையும் அவையே அழித்தன. தின்றாலாவது மனம் ஆறும். ஒரு காயைக் கடித்து, பிடிக்கவில்லை என்பதுபோல வீசிவிட்டு, அடுத்த காயைப் பறிக்கும். பந்தலுக்கு நட்ட கம்புகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகும்.

கிராமத்தாரும் லயத்தாரும் சேர்ந்து விவசாயிகளுக்கான அரசாங்க அலுவலகமான கமநல சேவை நிலையத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கூட்டத்தில் பின்வரிசையில் ஏழு ஆண்கள் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்ததைக் கவனித்துவிட்டு, "நீங்க ஏழு பேரும் படையில இருந்தவங்கதானே?" என்றார். ஆமாம் என்று தலையசைத்தார்கள். எல்லோரும் சண்டைக் காலத்தில் வடக்கே இருந்துவிட்டு வந்து விவசாயம் செய்கிறவர்கள். "அப்ப ஒரு சங்கமாப் பதிஞ்சிடுங்க. காத்துத் துப்பாக்கிக்கு எழுதிக் கேக்கலாம். பழகின கை, ஒரு மாசத்துல குரங்கு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காது."

எல்லோரும் கைதட்டினோம். ஏழு பேர் மட்டும் தட்டவில்லை. அவர்களில் மூத்தவர், கிராமமே சார்ஜன் என்று கூப்பிடுகிறவர், எழுந்தார்.

"சங்கம் வைக்கிறோம். துப்பாக்கி வேணாம்."

"ஏன்?"

"வேணாம்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆறு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவும் இல்லை. தலையை மட்டும் ஆட்டினார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "அந்தச் சத்தம் இல்லாம இப்பத்தான் தூங்குறேன். போஞ்சி போனாப் போகட்டும்" என்றார். அதற்குமேல் யாரும் துப்பாக்கிப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றைக்கே சங்கம் பிறந்தது. இரண்டு மொழியிலும் கடிதம் எழுத ஆள் வேண்டும் என்றார்கள். எல்லோருடைய விரலும் என் பக்கம் நீண்டது.

துப்பாக்கி இல்லாமல் குரங்கை எப்படி விரட்டுவது? சார்ஜன் ஒரு பெரிய தாளில் பள்ளத்தாக்கையே வரைந்தார். மூன்று காவல் இடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு விசில், ஒரு தகர டின், ஒரு ஆள். ஒரு விசில் என்றால் மேற்கே, இரண்டு என்றால் கிழக்கே, மூன்று என்றால் எல்லாரும் ஓடி வரணும். மாலைக் காவலுக்குத் துணையாக எங்களைப்போன்ற குத்தகைக்காரர்களையும் முறை வைத்தார்கள். முதல் வாரம் ஒரு காய்கூடப் போகவில்லை. இரண்டாவது வாரம் காலையில் சரியாகப் பத்து மணிக்குக் குரங்குகள் இறங்கின. பத்து மணிதான் காவல்காரர்கள் தேத்தண்ணி குடிக்கிற நேரம். சார்ஜனுக்குக் கோபம் வரவில்லை. "நம்மள வேவு பாத்திருக்கு" என்று மரியாதையோடு சொன்னார். அன்றுமுதல் தேத்தண்ணி நேரம் தினமும் மாறியது. அதை முதல் நாள் மாலை மூன்று இடத்துக்கும் அறிவிப்பது என் வேலை.

சார்ஜனின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடக்கே இருந்தபோது கற்றுக்கொண்ட தமிழ். "டீச்சர், இருங்கோ. சாப்பிட்டனீங்களோ?" என்பார். எங்கள் லயத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நாங்கள் ரேடியோவில் மட்டுமே கேட்ட தமிழை ஒரு சிங்களவர் எங்களிடம் பேசினார்.

ஒரு மாலை நானும் அவரும் நடுக் காவலில் இருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றி என் அண்ணனிடம் வந்தது. இருபத்திரண்டு வயதில் கொழும்புக் கடையில் வேலைக்குப் போன அண்ணனை, வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கினார்கள். அடையாள அட்டையில் படம் மங்கியிருந்தது; அதுதான் குற்றம். மூன்று நாள் ஓர் ஆர்மி முகாமில் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள். அம்மா அந்த மூன்று நாளும் அடுப்புப் பற்றவைக்கவில்லை. இதைச் சொல்லி முடித்தபோது சார்ஜன் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"வடக்க போக முந்தி நானும் அப்பிடிச் சாவடியில நிண்டனான், டீச்சர். ஆக்களை இறக்கியிருக்கிறன்."

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு கூட்டத்துக்கும் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. அவர் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்ததை நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்றும் யோசித்துப் பார்த்தேன்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அவரே எங்கள் லயத்துக்கு ஏறி வந்தார். கண்ணிவெடியில் போன இடது காலுக்குப் பதில் செயற்கைக் கால். மழையில் நனைந்த படிகள். வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்க்க வரவில்லை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற அண்ணனைக் கேட்டார். அண்ணன் வாசலில் த்ரீவீலைக் கழுவிக்கொண்டிருந்தது. நான் கதவோரம் நின்று கேட்டேன்.

"தங்கச்சி சொன்னவா. உங்களை இறக்கினது நான்தானோ தெரியேல்லை. நான் இல்லாட்டி என்னை மாதிரி ஒருத்தன். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அண்ணன் துணியைப் பிழிந்தது. உதறியது. வண்டியின் கண்ணாடியில் காயப்போட்டது.

"அந்தப் படியிலயா ஏறி வந்தீங்க?" என்று அண்ணன் கேட்டது. "ரோட்டுப் பக்கமா வந்திருந்தா நானே ஏத்திட்டு வந்திருப்பேன்ல. உக்காருங்க. தேத்தண்ணி குடிப்பீங்களா?"

இரண்டு பேரும் நெடுநேரம் பேசினார்கள். முகாமைப் பற்றி இல்லை. த்ரீவீல் எஞ்சினைப் பற்றி. போகும்போது அண்ணன்தான் அவரைக் கீழே கொண்டுபோய் விட்டது.

அடுத்த கூட்டத்துக்கு அண்ணனும் என்னோடு வந்தது. சங்கத்தில் சேர வேண்டுமாம். ஒருவர் தயங்கித் தயங்கி, இது படையில் இருந்தவர்களுக்கான சங்கம் என்று எடுத்துச் சொன்னார். அண்ணன் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "நானும் மூணு நாள் ஆர்மி கேம்புல இருந்திருக்கேன். மூணு வேளையும் சோறு போட்டாங்க" என்றது.

முதலில் யாரோ ஒருவர் பொத்துக்கொண்டு சிரித்தார். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் சிரித்தார்கள். சார்ஜன் சிரிக்கவில்லை. தலைக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு என்னைப் பார்த்து, "எழுதுங்கோ, டீச்சர். எட்டாவது ஆள்" என்றார். எழுதினேன். அந்தப் பக்கத்தில் எழுத்து கோணலாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் நடந்து இரண்டு போகம் ஆகிவிட்டது. போஞ்சியில் பெரும்பகுதி இப்போது எங்களுக்கே கிடைக்கிறது.

போன மாதம் மொனராகலைப் பக்கத்துக் கிராமம் ஒன்று எங்களைக் கூப்பிட்டு அனுப்பியது, எப்படிச் செய்தோம் என்று காட்டச் சொல்லி. ஒரு வேன் பிடித்துப் போனோம். சார்ஜன் வரைபடம், விசில், முறை எல்லாம் விளக்கினார். அந்த ஊர்க்காரர்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "எல்லாம் சரிதான் ஐயா, எங்களுக்கு வாறது யானையாச்சே" என்றாள்.

சார்ஜன் யோசித்தார். "யானையைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது, தங்கச்சி" என்றார். அவர்கள் சோளம் அவித்துக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, யானை எந்த வழியாக வரும், எந்த நேரத்துக்கு வரும் என்று அந்தப் பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். நான் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தேன்.