எழுபத்து நான்காம் பக்கம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஐந்தாவது வரைதான் படித்தேன் என்றாலும் கண்ணால் பார்க்காததை நம்பியதில்லை. இது பார்த்தது. எழுபதுகளின் கடைசியில், மே மாதப் பட்டப்பகலில், டில்லி கரோல் பாக்கில் என் பைண்டிங் கடையில் நடந்தது.

கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து ராகவன் சார் வந்திருந்தார். பகலில் சர்க்கார் குமாஸ்தா, மாலையில் எல்.எல்.எம். என்கிற சட்ட மேல்படிப்பு. அன்று ஐந்து மணிக்குள் ஆய்வேட்டை மூன்று பிரதியாகக் கொடுக்காவிட்டால் மூன்று வருஷப் படிப்பும் வீண்.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. பக்க எண்ணைப் பார்த்து அடுக்கி, இடது ஓரத்தில் மூன்று துளை போட்டுத் தைப்பேன். தைத்துவிட்டுப் புரட்டினால் எழுபத்து நான்காம் தாள் தலைகீழாக இருந்தது, மூன்று பிரதியிலும். என் தப்புதான் என்று நூலை வெட்டி, திருப்பி வைத்து, அதே துளைகளில் தைத்தேன். மறுபடியும் தலைகீழ்.

"என்ன அண்ணே, எனக்கே வாய்தா போடறீங்களா? ஜல்தி!"

மறுபடியும் நூலை வெட்டினேன். மூன்றாம் தடவை அவரே அந்தத் தாளை நேராக வைத்து, நான் தைத்து முடிக்கும் வரை கண்ணை எடுக்காமல் நின்றார். நம்பினால் நம்புங்கள், புரட்டினால் தலைகீழ். மணி மூன்றரை, இனி அட்டை ஒட்டிப் பசை காய வேண்டும், எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதுல என்னதான் சார் இருக்கு?"

"ஒரு விசாரணைக் கைதி. எட்டு வருஷமா ஜெயில்ல கெடக்கான், கேஸையே எடுக்கலை." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "உருவிடுங்க அண்ணே. மூணுலயும்."

"நடுவுல நம்பர் விட்டுப் போகுமே சார்?"

"போகட்டும். அந்தாளுக்காக நான் இன்னொரு வருஷம் உட்கார முடியாது."

உருவினேன். ஈர அட்டையோடு ஆட்டோவில் ஓடினார். பாஸும் ஆனார். லட்டு கொடுக்க வந்தபோது அந்தத் தாள்களைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

மூன்றும் இன்னும் என் பெட்டியில் இருக்கின்றன. தலைகீழாகத் தைத்த தாளை நேராக்கிப் பார்த்தால் வலது ஓரத்தில்தானே துளை இருக்க வேண்டும்? மூன்று தாளிலும் துளைகள் இடது ஓரத்தில், நேராக வைத்துத் தைத்ததுபோல. வலது ஓரத்தில் ஊசி பட்ட அடையாளமே இல்லை.