கைகளைத் தூக்கும் சோதனை

விண்வெளிக்குப் போக வேண்டும் என்ற பைத்தியம் சின்ன வயதிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. அதற்கு முதற்படி விமானம் ஓட்டப் பழகுவது. யுத்த காலத்துக் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெடியனுக்கு இப்படி ஆசை வந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள்? "சந்திரனுக்குப் போறது இருக்கட்டும் தம்பி, முதல்ல வெள்ளவத்தைச் சந்தியைத் தாண்டு பாப்பம்," என்பார் அப்பா. அந்தச் சந்தியின் சோதனைச் சாவடியில் என்னை மறிக்காத கிழமை இல்லை.

வெளிநாட்டு விமானப் பள்ளி ஒன்று இடம் தந்தது. உடற்தகுதிச் சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த இடமும் இல்லை. கண், காது, நெஞ்சுப் படம் எல்லாம் சரிவந்தன. சுழல் கதிரையில் இருத்திச் சுற்றினார்கள். கொழும்பு-காலி வீதியில் ஓடும் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்கிப் பழகியவனை ஒரு கதிரை என்ன செய்துவிடும்!

இரத்த அழுத்தத்தில்தான் வந்தது வினை. அழுத்தம் பார்த்த டொக்டர் இராணுவச் சீருடையில் இருந்தார். அதைக் கண்டதும் என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. மற்றச் சோதனைகள் முடிந்தபின் இன்னொரு முறை பார்ப்பதாகவும், அப்போதும் இறங்காவிட்டால் கையெழுத்துப் போட முடியாதென்றும் சிங்களத்தில் சொன்னார். எனக்கு என் நெஞ்சின் மேலேயே எரிச்சல் வந்தது.

அடுத்தது சமநிலைச் சோதனை. கண்ணை மூடி, கைகளை உயர்த்தி, அசையாமல் நிற்க வேண்டும். "அத் தெக உஸ்ஸன்ன," என்றார். இரண்டு கைகளையும் தூக்கினேன். தூக்கியதோடு விட்டேனா? கால்களை அகட்டி, சுவர்ப்பக்கம் திரும்பி, அடையாள அட்டையையும் விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு நின்றேன். யோசித்துச் செய்யவில்லை, சாவடியில் பழகிய உடம்பு தானாகவே செய்தது.

திரும்பிப் பார்த்தால், டொக்டரின் முகம் வாடியிருந்தது. "அதைப் பையில் வை, புதா," என்று மகனைக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். பிறகு சீருடைச் சட்டையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் கொழுவினார். வெறும் பெனியனும் தொந்தியுமாக, ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கப் புறப்படும் என் மாமாவைப் போல இருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தபடி மறுபடி அளந்தார். அழுத்தம் இறங்கியிருந்தது. பெனியனோடேயே கையெழுத்துப் போட்டார். அந்த மனிதரை இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடுகிறேன்.

அன்றும் சந்தியில் மறித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முகப்பில் அப்பா காத்துக்கொண்டு நின்றார். பாஸா, பெயிலா என்று கேட்கவில்லை.

"மறிச்சவங்களோ?"

"ஓம் அப்பா. விட்டிட்டாங்கள்."

சான்றிதழை நீட்டினேன். தெருவிளக்கடியில் பிடித்து வாசித்தார். "சந்தியைத் தாண்டிட்டாய், இனிச் சந்திரன்..." என்று தொடங்கியவர், முடிக்க ஏலாமல் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.