ஒன்பது பாகம் ஆழத்தில் சிவப்பு

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் சிலுவை கைபடாத போர்டு ஒன்றைக் காட்டுங்கள், ஒரு பக்க மீசையை எடுத்துவிடுகிறேன். சோடாக் கடை, வள்ளத்து முகப்பு, தேர்தல் சுவர், தெருமுனை மாதா கெபி, எல்லாம் அவன் கைதான். இருபத்தாறு வயசு வரைக்கும் சங்கு குளித்தவன். காதுச் சவ்வு கிழிந்து, இனி முங்கினால் காதே போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பிரஷைப் பிடித்தான்.

எழுபத்தாறாம் வருசம் சரக்குக் கம்பெனி ரோச் முதலாளி புது ஆபீஸ் கட்டினார். முன்கூடத்தில், கடலுக்கடியில் ஒருத்தன் சங்கெடுக்கிற மாதிரி பெரிய படம் மாட்ட வேண்டும் என்றார். சிலுவைக்குத் தலைகால் புரியவில்லை. எத்தனை காலம்தான் ‘போர்டு எழுதுகிற சிலுவை’யாகவே இருப்பது? இந்தப் படம் அங்கே ஏறிவிட்டால் ஆர்ட்டிஸ்ட் என்று ஊர் கூப்பிடும். பதினைந்து நாள் சோறு தண்ணி பார்க்காமல் வரைந்தான். சிவப்புப் பவளம், மஞ்சள் மீன், குளிக்கிறவன் இடுப்பில் ரத்தச் சிவப்பில் ஒரு கச்சை. பார்த்தால் கண்ணைப் பறிக்கும்.

கொண்டுபோனால், அங்கே ஏற்கெனவே ஒரு படம் சாத்தியிருக்கிறது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஃபிசிக்ஸ் எடுக்கிற ஹில்டா டீச்சர் வரைந்ததாம். முதலாளி அவளிடமும் சொல்லி வைத்திருந்தாராம். படம் முழுக்க நீலமும் சாம்பலும்தான். குளிக்கிறவன் உள்ளங்கையைச் சிப்பி கிழித்திருக்கிறது. வழிகிற ரத்தம் பச்சையாகப் புகைகிறது.

சிலுவை கொண்டுவந்த படத்தைக் கீழே வைத்தான். பத்தொன்பது வயசில், ஒன்பது பாகம் ஆழத்தில், ஒரு பனை உயரம் தண்ணீருக்குக் கீழே, அவன் கை கிழிந்தபோது இதே பச்சைதான் கிளம்பியது. செத்தோம் என்று பதறி மேலே வந்து பார்த்தால், கை சிவப்பாக ஒழுகுகிறது. பெண்டாட்டி பிளாரன்ஸிடம் மட்டும் அதை ஒரு தடவை சொன்னான். அவள் சிரித்தாள். அதோடு விட்டுவிட்டான். இத்தனை வருசம் பிரஷ் பிடித்தவனுக்கு அதை வரையத் தோன்றவே இல்லையே!

டீச்சர் முதலாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் ஏழு நிறம் இருக்காம். ஆழம் போகப் போகத் தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குமாம். எல்லாம் புத்தகத்தில் படித்ததாம். கடலில் முழங்கால் நனைத்திராதவள்! காதைக் கொடுத்தவன் இவன், கண்டு சொல்லுகிறவள் அவளா? வயிறு பற்றி எரிந்தது சிலுவைக்கு. பொய்யென்றால்கூடப் பொறுத்திருப்பான். நிசமாக இருந்ததுதான் பொறுக்கவில்லை.

முதலாளிக்கு நம்பிக்கை வரவில்லை. இவன் பக்கம் திரும்பினார்.

“ஏலே சிலுவை, நீ அங்கன முங்கிப் பாத்தவன். ரத்தம் இப்படியா இருக்கும்?”

டீச்சரும் ஆசையாக இவன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“ரத்தம் எங்கன போனாலும் சிவப்புதான் முதலாளி” என்றான் சிலுவை.

தீர்ந்தது. அவன் படம் சுவரில் ஏறியது. முதலாளி ஊரைக் கூட்டி, ஆர்ட்டிஸ்ட் சிலுவை என்று சொல்லி மாலை போட்டார். அன்றைக்கு அவன் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

எட்டாம் நாள் ஹில்டா டீச்சர் ரிக்‌ஷாவில் அவன் பட்டறைக்கு வந்தாள், படத்தோடு. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று சிலுவை நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவளோ கும்பிட்டாள்.

புத்தகம் வேறு ஏதோ கடலுக்கு எழுதியது போலிருக்கிறது, நம்ம கடலைக் கேட்காமல் வரைந்தது தன் தப்பு என்றாள். நல்லவேளை, நீங்கள் இருந்தீர்கள் என்றாள். துணியை விலக்கினாள். அந்தப் பச்சையெல்லாம் போய்விட்டது. உள்ளங்கையிலிருந்து கொழகொழவென்று சிவப்பு, அவன் போர்டில் பூசுகிற அதே தினுசில். பவளத்துக்கும் சிவப்பு. ராத்திரி பகலாக உட்கார்ந்து மாற்றியிருக்கிறாள்.

சிலுவை படத்துக்குக் கிட்ட வந்தான். அவன் கண்ணால் கண்டது இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் வரைந்து இருந்தது. அதுவும் இப்போது இல்லை. வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னால், சுவரில் இருக்கிற படம் இறங்கிவிடும், பேரும் இறங்கிவிடும்.

“நீங்க கண்ணால பாத்தவங்க அண்ணாச்சி. இப்ப சரியா இருக்கா?”

அவன் படத்தில் அந்தச் சிவப்புக் கையைப் பார்த்தான்.

“சரியா இருக்கு டீச்சர்” என்றான்.